தம்பியை அடக்கம் பண்ண எனக்குக் கிடைத்த வார்த்தைகள்

போன வருடம் ஜனவரி முதல் ஞாயிறு, எங்கள் கல்லூரி ஆலயத்தில் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினேன். மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். வருடத் தொடக்கத்தில் சபையார் எல்லாரும் எழுந்து நின்று, ஆண்டவரே, என்னை உமது வேலைக்கு எடுத்துக்கொண்டாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று தங்களை ஒப்புக்கொடுப்பார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் அந்த ஆராதனையை நடத்தியிருக்கிறேன். எடுத்துக்கொள்ளும் என்று சொல்லும்போது என் குரல் நன்றாக உயரும். ஒதுக்கி வைத்தாலும் என்பதை அத்தனை யோசிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை ஆண்டவர் என்னை ஒதுக்கி வைத்தார்.

வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். என் மனைவி கிரேஸிடம் குடை எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. மறுபடி முயன்றேன். ஏதோ ஒரு முனகல்தான் வந்தது. வலது கை துணிபோலத் தொங்கியது. கிரேஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கல்லூரி வேனில் ஏற்றி ஹட்டனிலிருந்து மலையிறங்கி, முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து கண்டிக்கும் கொண்டு போனார்கள். பாரிசவாதம் என்றார்கள். மூளையில் இரத்தம் அடைத்து, பேச்சுக்கான இடம் கெட்டுவிட்டதாம். கை தேறலாம், பேச்சைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்னது அத்தனையும் எனக்கு விளங்கியது. அதுதான் கொடுமை. எல்லாம் விளங்கும், ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தச் சாட்சியைக்கூட நான் என் கையால் எழுதவில்லை. பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கிரேஸ் ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுத்துத் தமிழில் அவள் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினாள்.

நான் யார் என்று சொல்ல வேண்டும். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அப்பா என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார். உண்மையில் வாயால்தான் பிழைத்தேன். சிறுவனாக ஆலயத்தில் வேதபாடம் வாசித்தேன். பிறகு ஊழியப் பயிற்சிக்குப் போனேன். அங்கே என் லயத்துப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரே வருடத்தில் அதை மாற்றிக்கொண்டேன். நுவரெலியாவில், கிழக்கில், கொழும்பில் போதகராக இருந்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தேன். போதகர்களையும் பிரசங்கிமார்களையும் பயிற்றுவிக்கும் சிறிய கல்லூரிக்கு விரிவுரையாளரானேன், பின்பு அதிபரானேன். பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுப்பது என் பாடம். என் தமிழில் தேயிலை வாசமே இல்லை என்று ஒரு பெரியவர் ஒருமுறை பாராட்டினார். வீட்டுக்கு வந்து அதைக் கிரேஸிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாய்தான் போய்விட்டது.

மாசி மாதத்தில் வேறொருவரைத் தற்காலிக அதிபராகப் போட்டார்கள். நல்ல மனிதர், என்னிடம் படித்தவர். அதிபர் வீட்டைக் காலி செய்து ஒரு சிறிய வீட்டுக்கு மாறினோம். பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்து ஜெபித்தார்கள். எனக்காகப் பேசினார்கள், என் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர்கள் போனபின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். வார்த்தை இல்லாமல் எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் வார்த்தையால்தான் ஜெபித்தேன். சில நாட்களில் என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. ஒரு போதகன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் நினைப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

கண்டியில் எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஒரு சிங்களப் பெண். தமிழ் அவருக்குக் கொஞ்சம்தான் வரும். படங்களைக் காட்டுவார். பசு, கதிரை, கோப்பை. எல்லாம் தெரியும், பெயர் மட்டும் வராது. ஒருநாள் அவர் படங்களை மூடிவிட்டு, "பாட்டு தெரியுமா? பாடுங்க" என்றார். பாடினேன். சின்ன வயதில் ஆலயத்தில் பாடிய ஒரு கீர்த்தனை, சரணம் முழுவதும் தடங்கலில்லாமல் வந்தது. கிரேஸ் அழுதுவிட்டாள். மூளையில் பாட்டு வேறு இடத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண் விளக்கினார். ஆனால் பாட்டு முடிந்ததும் வாயும் பூட்டிக்கொண்டது.

என் தம்பி தாசனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அவன் அதே தோட்டத்தில், அதே லயத்தில் இருந்தான். அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தில் பெயர் பதிந்து, காட்டு வேலைக்கும் புல்லு வெட்டவும் போனான். ஊரெல்லாம் என்னைப் போதகர் ஐயா என்று அழைத்த காலத்திலும் அவன் மட்டும் நீ, வா, போ என்றுதான் பேசுவான். நான் விழுந்த பிறகு ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்தான். லீக்ஸோ பீட்ரூட்டோ கொண்டு வருவான். என் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்துக் கதையெல்லாம் சொல்வான். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டியது, புது துரை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கத்தியது, யார் யாரோடு சண்டை. மற்றவர்கள் மாதிரி என் பதிலை அவன் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

ஒரு ஞாயிறு கிரேஸ் தேநீர் வைத்தாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னாண்ணே, ஒனக்காக ஊரே முழங்கால்ல நிக்குது. நீ என்னடான்னா துரை மாதிரி ஒக்காந்து டீ குடிக்கிற."

"போடா" என்றேன்.

நாலு மாத ஜெபத்துக்குப் பிறகு ஒரு போதகனுக்குக் கிடைத்த முதல் வார்த்தை அது. தாசன் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. தண்ணி. ஏன். மழ. பசிக்குது. எல்லாம் லயத்துப் பேச்சு. மேடையில் பேசிய தமிழில் ஒரு சொல்லும் திரும்பவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து கண்ணுக்குத் தெரியும், வாயில் ஏறாது. உங்கள் கல்லூரித் தமிழ் எங்கே போனது என்று கிரேஸ் கேலி செய்வாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்துப் பேச்சில் பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு நான் எந்தப் பிரசங்கத்தைப் பண்ணுவது? பாதி ஜெபம் மட்டும் கேட்கப்பட்டதுபோல் மனம் கசந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். ஐப்பசியில் அது நடந்தது. தாசன் தேயிலை மலையில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான். மேலே கற்பாறையில் குளவிக்கூடு. ஏதோ பறவை கூட்டை மோதியிருக்கும் என்கிறார்கள். குளவி கலைந்ததும் எல்லாரும் ஓடினார்கள். தாசனுக்கு முழங்கால் வலி, பல வருட வலி. அவனால் ஓட முடியவில்லை.

கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். நாங்கள் போனபோது முகமெல்லாம் வீங்கி, அவனை அடையாளம் தெரியவில்லை. வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து, அவன விட்டுருங்க ஆண்டவரே, அவன விட்டுருங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பொழுது சாயும் முன் போய்விட்டான்.

அவன் மனைவி ராணி அழுது ஓய்ந்த பிறகு கிரேஸின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அவுங்கதான் மண்ணு போடணும். பேசாட்டியும் பரவால்ல. வந்து நின்னா போதும்."

நின்றால் போதாது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியவன் நான். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அழகாகப் பேசியிருக்கிறேன். சொந்தத் தம்பியை ஊமையாக நின்று மண்ணுக்குள் அனுப்புவதா? அடக்க ஆராதனைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து முயன்றேன். ஒரு வரி வரவில்லை. வட்டாரப் போதகர் தொலைபேசியில் கூப்பிட்டு, தாமே நடத்துவதாகவும் நான் பக்கத்தில் நின்றால் போதும் என்றும் அன்பாகச் சொன்னார். அப்போதுதான் மறுபடி ஜெபித்தேன். ஆண்டவரே, பிரசங்கம் இனி வேண்டாம். கல்லூரி வேண்டாம். என் தம்பியை மண்ணில் வைக்க மட்டும் நாலு வார்த்தை கொடும். இதுதான் நான் கேட்டது.

தோட்டத்து மயானம் லயத்துக்கு மேலே, சரிவில் இருக்கிறது. வழியெல்லாம் சேறு. பெட்டியைத் தூக்கி வந்தவர்களுக்குக் கால் வழுக்கியது. மலையில் வேலை செய்த எல்லாரும் வந்திருந்தார்கள், பாதிப்பேர் இந்துக்கள். சிலருடைய முகம் இன்னும் குளவி கொட்டிய வீக்கத்தோடு இருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

புத்தகத்தைத் திறந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. யாரோ இருமினார்கள். ராணி குழியைப் பார்த்தபடியே நின்றாள். வட்டாரப் போதகர் மெல்ல என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் புத்தகத்தைக் கிரேஸிடம் கொடுத்துவிட்டு, குனிந்து இடது கையில் ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தேன்.

"தாசா" என்றேன்.

பிறகு வந்தது.

"ஆண்டவரே, இது என் தம்பி. ஒங்க புள்ள. வெயில்ல நின்னான். மழையில நின்னான். மலையிலயே செத்துட்டான். ஒங்க கையில தர்றோம். இவனுக்குக் காலு வலிக்கும். மெதுவா கூட்டிட்டுப் போங்க."

மண்ணைப் போட்டேன். ஆமென் என்று முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வருகிறது. நிறைய இல்லை. ஒரு மூச்சில் ஏழெட்டு வாக்கியம், எல்லாம் லயத்துப் பேச்சில். மேடைத் தமிழ் இன்றுவரை திரும்பவில்லை. இனித் திரும்பாது என்றே நினைக்கிறேன். கல்லூரியைப் புதிய அதிபரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுக் கொட்டகலைக்கு வந்துவிட்டோம். சுகமில்லாதவர்கள் வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் கூப்பிட்டால் போகிறேன். முன்பு அரை மணி நேரம் பேசுவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, நாலு சொல்லில் ஜெபித்துவிட்டு வருகிறேன். இதில் எனக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் பேச வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் தம்பியை எடுத்தார் என்று இரண்டொருவர் என்னிடம் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. அப்படிப்பட்ட கணக்கு என் ஆண்டவருக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாங்கில் ஒரு ஜெபம் கேட்டேன், இல்லை என்றார். மறுநாள் காலை ஒன்று கேட்டேன், ஆம் என்றார். ஏன் என்று இன்றும் கேட்கிறேன். பதில் கிடைக்கவில்லை. ஆம் என்று வந்ததை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் அது சாட்சியில்லை. ஞாயிறு பின்னேரங்கள் எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருக்கின்றன.

இதை வாசிக்கிறவர்களில் வாயடைத்துப் போனவர்கள் இருப்பீர்கள். நோயாலோ, துக்கத்தாலோ, வெட்கத்தாலோ. நல்ல வார்த்தை வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் பேசுகிற வார்த்தை போதும். கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் சொல்வேன்.

போன மாதம் ராணி வந்திருந்தாள். "மெதுவா கூட்டிட்டுப் போயிருப்பாருங்களா?" என்று கேட்டாள்.

மரணத்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் நான் பல வருடம் பாடம் நடத்தியவன். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"போயிருப்பாரு" என்றேன். நான் அதை நம்புகிறேன்.