பதினான்கு இல்லாத கட்டடம்

லிஃப்ட் கதவு மூடியதும் புஷ்பவல்லியின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். ஐந்தாம் மாடிக்கு இரண்டு வழி: ஐந்து தனியாக, இல்லையென்றால் மூன்றும் இரண்டும். ஏழுக்கு மூன்று. பகா எண்களை மட்டும் கூட்டி ஒவ்வொரு மாடி எண்ணையும் எத்தனை விதமாக எழுதலாம் என்று பார்ப்பார். எண் பெரிதாகப் பெரிதாக வழிகள் பெருகும். பயம் கொஞ்சம் ஒதுங்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கணக்கு டியூஷன் எடுப்பவர். ஒருமுறை இதே லிஃப்டில் மாட்டிக்கொண்டதிலிருந்து உள்ளே நுழைந்தாலே உள்ளங்கை வியர்க்கும். "கணக்குப் போட்டாதான் மூச்சு வருது" என்பார். "டீச்சர் லிஃப்ட்ல மந்திரம் சொல்றாங்க லா" என்று பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள்.

சீன மொழியில் சாவைப் போல ஒலிப்பதால் நான்கு ராசியில்லாத எண் என்று இங்கே பல கட்டடங்களில் நான்காம் மாடிக்கு 3A, பதினான்குக்கு 13A என்று போட்டிருப்பார்கள்; இந்தக் கட்டடத்திலும் அப்படித்தான். "ஏ-வ எப்படிக் கூட்டுறது?" என்று கேட்பார் புஷ்பவல்லி. அவருக்கு அது என்றைக்கும் பதினான்குதான். பத்து வழி.

போன வாரம், நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்த கணவர் விமலனை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். லிஃப்ட் குலுங்கி 13A-வில் நின்றது. விமலனுக்கு மூச்சு வாங்கியது. புஷ்பவல்லி அவசரப் பொத்தானை அழுத்தினார்.

"தம்பி, பதினாலாவது மாடில மாட்டிக்கிட்டோம்! ஹஸ்பண்டுக்கு ஆப்பரேஷன் பண்ணியிருக்கு, சீக்கிரம் வாங்க!"

புதிதாக வந்த காவலாளி தனேஷின் குரல் கரகரத்தது. "ஆன்டி, இந்த புளோக்ல பதினாலே இல்ல லா. பக்கத்து புளோக்லதான் இருக்கு. இதோ, அங்க ஓடுறேன்!"

"இல்ல தம்பி, இங்கதான்…"

தனேஷ் அதற்குள் ஓடிவிட்டிருந்தான். அழுத்தினார், மறுபடி அழுத்தினார். பதினொன்றும் மூன்றும். ஏழும் ஏழும். ஏழு, ஐந்து, இரண்டு. அதற்கு மேல் வரவில்லை. விமலன் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"தேர்ட்டீன் ஏ-ன்னு சொல்லு, புஷ்பா," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்து. "உன் கணக்கு… அவனுக்குத் தெரியுமா?"

ஒரு யுகம் கழித்து ஒலிபெருக்கி உயிர்த்தது. "ஆன்டி, அங்க யாருமே இல்ல லா!"

"தேர்ட்டீன் ஏ! தேர்ட்டீன் ஏ, தம்பி!"

"ஐயோ, அத முதல்லயே சொல்லக்கூடாதா? வரேன், வரேன்!"

புஷ்பவல்லி கணவர் பக்கத்தில் மண்டியிட்டார். விமலனின் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், அழுத்தாமல், உள்ளங்கையை வைத்தார். கதவு திறந்து ஆட்கள் கைநீட்டியபோதும் எடுக்கவில்லை.