படகுக் கழியும் பரிசுக் குடமும்

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தால் வீட்டில் யாராவது ஒருவருக்கு வேலை வந்துவிடும். நண்டு ஊறுகாய் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒருமுறை வந்தது. அம்மா கை வீங்க நண்டு உடைத்தாள். கடைசியில் அந்த ஊறுகாயை நாங்களேதான் தின்று தீர்த்தோம். அக்காவைப் படகு ஓட்டவைத்துச் சென்னையில் பெரிய காலேஜில் சேர்த்துவிடுவது என்ற யோசனை வந்தபோது எனக்குப் பத்து வயது. அதில் எனக்குக் கிடைத்த வேலை, குடம் தூக்குவது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். சுனாமிக்குப் பிறகு நைனா வலையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஏரியில் இறங்குவதற்கு அவருடைய தம்பியான சித்தப்பா மட்டும் மிச்சம். சித்தப்பாவுக்குக் கல்யாணமாகியும் குழந்தை பிறந்திருக்கவில்லை. அதனால் அவருடைய யோசனைகள் எல்லாம் எங்கள் இருவர் தலையில்தான் விழும்.

அக்காவுக்கு அந்தக் காலேஜ்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் பூநாரைகள். ஒரு தை மாதத்தில் அங்கிருந்து ஒரு கூட்டம் பெண்கள் பறவை பார்க்க வந்தார்கள். சித்தப்பா படகில்தான் போனார்கள், அக்காவும் துணைக்குப் போனாள். பறவையை எண்ணுவதற்கும் ஒரு படிப்பு உண்டு, அதைப் படித்தால் வேலையும் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு வந்தவள், அதற்கப்புறம் வேறு எந்தப் பேச்சும் பேசவில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க்கும் வாங்கிவிட்டாள். நைனா லீவு போட்டுப் பொன்னேரி தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்து சாதிச் சான்றிதழ் வாங்கி வந்தார். நாங்கள் எம்.பி.சி. மார்க்கும் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது, சீட்டு வந்துவிடும் என்று நைனா நிம்மதியாக இருந்தார்.

அக்காதான் நிம்மதியாக இல்லை. மார்க் ஷீட் வாங்கப் போன இடத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், “உங்களுக்கு இன்னாம்மா, கோட்டா இருக்குது” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ராத்திரி பகலாகப் படித்ததெல்லாம் எங்கே போனது என்று அக்காவுக்கு ஆத்திரமான ஆத்திரம். அந்தச் சீட்டு வேண்டும், ஆனால் யாரும் அப்படிச் சொல்லாத மாதிரி வேண்டும் என்றாள்.

அப்போது பார்த்து நைனா கம்பெனியிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய மேனேஜரின் அண்ணன் மகளுக்கு அதே காலேஜில் படகு ஓட்டியே இடம் கிடைத்துவிட்டதாம். விளையாட்டில் கெட்டிக்காரர்களுக்கென்று தனியாகச் சில சீட்டுகள் உண்டாம். நைனா இதைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வேடிக்கையாகத்தான் சொன்னார். சித்தப்பா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“இன்னா சொல்ற நீ? படகு ஓட்னா காலேஜ் சீட்டா? அப்போ நம்ம குப்பத்துல பாதி பேரு இந்நேரம் கலெக்டரா இருக்கணுமே.”

எங்கள் ஏரி ஆழமில்லாதது. நீளமான சவுக்குக் கழியைச் சேற்றில் ஊன்றி, படகில் நின்றுகொண்டு தள்ளிப் போவோம். அக்கா அதில் சூரப்புலி. காணும் பொங்கலன்று பெண்களுக்கு வைத்த படகுப் போட்டியில் அவள்தான் முதல். பரிசாக ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். அதன் வயிற்றில் பெயின்டில் ‘முதல் பரிசு’ என்று எழுதியிருக்கும். காலேஜ் விண்ணப்பத்தில் விளையாட்டு என்று கேட்டிருந்த இடத்தில் அக்கா ‘போட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். சில நாளில், ஒரு சனிக்கிழமை காலை ஆற்றங்கரைப் படகுக் கூடத்துக்கு நேரில் வந்து ஓட்டிக் காட்டும்படி கூப்பிட்டுவிட்டார்கள். சான்று கொண்டுவரவும் என்று போட்டிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே சான்று அந்தக் குடம்.

“தண்ணி புடிக்கிற குடத்த எட்துக்கினு எங்கடா போறீங்க?” என்று அம்மா பேஜாராகிக் கத்தினாள். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. குடத்தைத் தேய்த்துக் கழுவி என் இடுப்பில் வைத்தார். அவர் தோளில் அவருடைய கழி. அடுத்தவர் கழி கைக்குப் படியாது, அதனால் எங்கள் பக்கத்தில் எங்கே படகேறினாலும் அவரவர் கழியோடுதான் போவார்கள். சென்னையிலும் அப்படித்தான் என்று நாங்கள் மூவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கழி பஸ்ஸின் கூரையில் பொன்னேரி வரை வந்தது. ரயிலில் மீன்கூடை ஏற்றுகிற வெண்டர் பெட்டியில் ஏறினோம். கூடைக்கார அம்மாக்கள் தலையைக் குனிந்து குனிந்து கழிக்கு வழிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒரு அம்மா அக்காவின் கன்னத்தை வழித்து, “கெலிச்சிட்டு வா கண்ணு” என்றாள். சென்னையில் இறங்கியதும் எந்தப் பஸ்ஸிலும் எங்களை ஏற்றவில்லை. ஆட்டோக்காரர்கள் கழியைப் பார்த்துச் சிரித்தார்கள். சித்தப்பா அசரவில்லை. முன்பக்கம் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்தார். முன்னால் பலகையில் கழி, கழியின்மேல் நாங்கள் மூவர், என் மடியில் குடம். அப்படித்தான் அந்தப் படகுக் கூடத்தின் வாசலில் போய் இறங்கினோம். காரிலிருந்து இறங்கிய பெண்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு ராணி மாதிரி இருந்தது.

தொப்பி போட்ட ஒரு மேடம்தான் அங்கே பயிற்சியாளர். நல்ல மனுஷி. நான் நீட்டிய குடத்தைச் சிரிக்காமல் வாங்கி, எழுதியிருந்ததைப் படித்து, பத்திரமாக மேசைமேல் வைத்தார். இதற்கு முன்னால் படகு ஓட்டியிருக்கிறாயா என்று அக்காவைக் கேட்டார். “டெய்லி ஓட்டுவேன் மேடம்” என்றாள் அக்கா.

பிறகு படகைக் காட்டினார்கள். புடலங்காய் மாதிரி நீளமாக, ஒல்லியாக ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதில் நிற்கக் கூடாதாம், உட்கார வேண்டுமாம். கழி கிடையாதாம், இரண்டு பக்கமும் இரண்டு துடுப்பு. எல்லாவற்றையும்விட, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம்.

“எதிர்ல வலை கட்டியிருந்தா இன்னா மேடம் பண்றது?” என்று அக்கா கேட்டாள். அங்கே யாரும் வலை கட்ட மாட்டார்கள் என்றார் மேடம்.

அக்கா உட்கார்ந்தாள். நாலு முறை இழுத்தாள். படகு நேராகப் போகாமல் ஒரு வட்டம் போட்டது. கரையில் முட்டப்போகிறதோ என்று நினைத்தவள், பழக்கதோஷத்தில் எழுந்து நின்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், படகு கவிழ்ந்து அந்தக் கறுப்புத் தண்ணீரில் விழுந்தாள். ஒரு துடுப்பு கழன்று ஆகாயத்தாமரைப் பக்கம் போய்விட்டது. பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா படகைத் தள்ளிக்கொண்டே நீந்தி வந்து கரையேறினாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆகாயத்தாமரை வாருவதற்காகக் கட்டிவைத்திருந்த தட்டைப் படகு ஒன்று ஓரமாக நின்றது. தாவி அதில் ஏறி, “சித்தப்பா, கழிய குடு” என்றாள். கழி பறந்தது. நின்றபடி ஊன்றினாள் பாருங்கள், அந்தப் பழைய படகு கோடு கிழித்த மாதிரி போயிற்று. துடுப்பை எடுத்துக்கொண்டு, படகைத் திருப்பக்கூட இல்லை, அதற்குள்ளேயே மறு முனைக்கு நடந்துபோய் ஊன்றி வந்து சேர்ந்தாள். சிரித்த பெண்கள் கை தட்டினார்கள். குதிரைவால் கட்டிய உயரமான ஒரு பெண் ஓடிவந்து தன்னுடைய டவலைக் கொடுத்தாள். சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல். சீட்டு கையில் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்.

மேடம் எங்களைத் தனியாக அழைத்து உட்கார வைத்தார். “இங்க வந்தவங்கள்ல உன் கைக்குத்தான் பலம் அதிகம். ஆனா ரோயிங் போட்டி இந்தப் படகுலதாம்மா. மத்தவங்க எல்லாம் சின்ன வயசுலேருந்தே இதுல பழகினவங்க” என்றார்.

“எங்க மேடம் கத்துக்கறாங்க?” என்று சித்தப்பா கேட்டார்.

“கிளப்புல.”

“எங்க பொண்ண சேத்துப்பாங்களா?”

“மெம்பர் வீட்டுப் பசங்களைத்தான் சேர்ப்பாங்க.”

“மெம்பர் ஆவறதுக்கு இன்னா பண்ணணும்?”

மேடம் தொப்பியைக் கழற்றினார். “அநேகமா அவங்க அப்பா மெம்பரா இருக்கணும்” என்றார்.

எனக்கு இது தெரிந்த விஷயமாகப் பட்டது. எங்கள் ஏரியிலும் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். ஆகவே நான் மேடத்தைப் பார்த்து, “எங்க முறை எப்போ வரும்?” என்று கேட்டேன். மேடம் மேசையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் குடத்துக்குள் போட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் சித்தப்பா பொரிந்து தள்ளினார். மெம்பர் பிள்ளைக்குத்தான் படகாம், படகு ஓட்டத் தெரிந்தவளுக்குத்தான் சீட்டாம், இது எந்த ஊர் நியாயம் என்று வெண்டர் பெட்டி முழுக்க ஆதரவு திரட்டிக்கொண்டு வந்தார். அக்கா ஈரத் தலையோடு கழிமேல் கை போட்டு உட்கார்ந்திருந்தாள். “வுடு சித்தப்பா” என்று இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வலை பின்னுகிற கொட்டாயில் பாடு பிரிக்கிற கூட்டம். சித்தப்பா அங்கேயும் கதையை ஆரம்பித்துவிட்டார். ஆண்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். “அப்பன் மெம்பர்னா புள்ளையும் மெம்பரா? இன்னா அநியாயம்டா இது” என்று குப்பத்துத் தலைவரே சொன்னார். பிறகு முறை பிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த முறையில் நைனாவின் பங்கு அவர் கம்பெனிக்குப் போனதிலிருந்து சும்மா கிடந்தது. ஆண்பிள்ளை இருந்தால் கல்யாணமானதும் அவனுக்குப் போகும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அதனால் அந்தப் பங்கை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

நான் அக்காவோடு கொட்டாய் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சட்டென்று தோன்றியதைக் கேட்டேன். “அக்காதான் நல்லா ஓட்டுதே, அதுக்குக் குடுங்க.”

கொட்டாயே சிரித்தது. தலைவர் சிரித்தார், கிழவர்கள் இருமி இருமிச் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் எங்கள் சித்தப்பா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. “சின்னது கேக்குது பாரு கேள்வி” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் ஏதோ நல்ல ஜோக் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்குச் சீட்டு வந்தது. நைனா சொன்னபடியே, மார்க்கோடும் சான்றிதழோடும் வந்தது. அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். சித்தப்பா, தான் கழி தூக்கிக்கொண்டு போன ராசிதான் என்று இன்றைக்கும் சொல்வார். அக்கா பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போனாள்.

முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். அக்கா காலேஜ் கதை சொன்னாள். டவல் கொடுத்த அந்த உயரமான பெண் அக்காவின் வகுப்பிலேயே இருக்கிறாளாம். அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாளாம். எல்லாம் பேசிவிட்டு, “நீ கோட்டாவா?” என்று கேட்டாளாம்.

“நீ இன்னாக்கா சொன்ன?”

“‘ஆமா, நீ எதுல?’ன்னு கேட்டேன். ‘நான் கோட்டா இல்லப்பா, ரோயிங்ல வந்தேன்’னு சொல்லுது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தனியாக எடுத்து வைத்த சீட்டுதானே, அதற்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் இல்லை என்று கேட்டேன். அக்கா நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, “மெம்பர் அநியாயம்னு கத்தின சித்தப்பா, அன்னிக்கிக் கொட்டாயில ஏன் சிரிச்சாரு? போய்க் கேளு. ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள்.

சித்தப்பா வாசலில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன். அவர் கையை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். “நானா? நான் எப்ப சிரிச்சேன்?” என்றார்.

நான் உள்ளே ஓடிவந்து, சித்தப்பா பொய் சொல்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என் தட்டில் இன்னொரு நண்டை எடுத்து வைத்தாள். “பொய் இல்லடி, அவருக்கு மெய்யாலுமே ஞாபகம் இல்ல” என்றாள். ஊரே பார்க்க அவ்வளவு சத்தமாகச் சிரித்த ஒருவருக்கு அது எப்படி மறந்துபோகும் என்பதுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.