வெள்ளம் என்ற சொல்

இன்று பிரிக்பீல்ட்ஸ் கடையில் பசியாறும்போது, ஏதோ ஒரு நாட்டின் முன்னாள் அதிபருடைய மனைவி தொலைக்காட்சியில் பேசிக்கொண்டிருந்தார். திருமணத்துக்கு முன் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி வாசித்தவராம். ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கைக் கண்டால் இன்றும் தொண்டை வறண்டுவிடும் என்றார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

என் அம்மா வானொலி நிலையத்தில் தட்டச்சர். கிள்ளானில் வளர்ந்தவர், மழையை ‘மளை’ என்பார். செய்தி வாசிக்க அவருக்கு மூன்று மாதத் தற்காலிக வாய்ப்புக் கிடைத்தது. கடைசி நாள் மேலதிகாரி சொல்லிவிட்டார்: “இன்னிக்கும் ழகரம் தப்பினா, நாளைக்கு டைப்ரைட்டருக்கே போயிடுங்கம்மா.”

அன்று கிழக்குக் கரையில் அடைமழை. மாலை ஏழு மணிக்கு அப்பாவும் நானும் வானொலி முன் உட்கார்ந்தோம். ‘கிழக்கு’ சரியாக வந்தது. ‘மழை’ ஐந்து முறை வந்தது, ஐந்தும் சுத்தம்.

“உங்கம்மா பாஸ் லா,” என்றார் அப்பா.

“சும்மா இருங்கப்பா. இன்னும் முடியல.”

அடுத்த வரியில் அம்மா வாசித்தார்: “தாழ்வான பகுதிகளில் வெழ்ழம் ஏறியுள்ளது.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டரைக்கு வீடு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எப்படி இருந்துச்சி?”

“எல்லா மழையும் நல்லாத்தான் பேஞ்சிச்சி,” என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். “நீ சொல்லு.”

“வெள்ளம் மட்டும்…” என்றேன்.

அந்தச் சொல்லை அவர் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தார். எது சரியென்று அவருக்கே பிடிபடவில்லை.

ஓய்வு பெறும்வரை அம்மா தட்டச்சராகவே இருந்தார். மழை வந்தால், “தண்ணி ஊத்துது, துணிய எடு,” என்பார்.