ஆறு மாசத்துக்கு ஒரு நாள்

பள்ளத்தூர் யோகலட்சுமி காரைக்குடிப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. "ஆறு மாசம் பொறும்மா, நிரந்தரமாயிரும்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அட, சொல்றதுக்கென்ன!

டெல்லியில் அறிவியல் கொள்கை மாறும்போதெல்லாம் இங்கே வாசல் பலகை மாறும். ஒரு காலம் நானோ, பிறகு பசுமை, பிறகு ஸ்டார்ட்அப், இப்போது தற்சார்பு. மேசைமேல் இருந்தது என்னவோ அதே உப்புத்தண்ணி பேட்டரிதான். தினம் காலை பத்து மணிக்கு அதன் வோல்ட்டை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது.

அவளுக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு நாள் வேலை இல்லை. தொடர்ந்து உழைத்தேன் என்று நாளை உரிமை கேட்டுவிடக் கூடாதே! அதற்காக ஒரு நாள் நீக்கிவிட்டு, மறுநாள் புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஆனால் பேட்டரியை ஒரு நாள் அளக்காமல் விட்டாலும் சோதனை பாழ். "கையெழுத்துப் போடாம வந்து எழுதிட்டுப் போம்மா" என்பார் விஞ்ஞானி சத்தியமூர்த்தி. பைத்தியக்காரி, சம்பளமில்லாமலே வருவாள். அதைத் தன் பேட்டரி என்றே நினைத்திருந்தாள்.

இந்த வருஷம் புதுக் கொள்கை ஒன்று வந்தது. பத்து வருஷம் இடைவிடாமல் உழைத்தவர்களை நிரந்தரமாக்கலாமாம். நோட்டுகளை அள்ளிக்கொண்டு நிர்வாக அதிகாரி பாண்டியராஜனிடம் ஓடினாள். சத்தியமூர்த்தியும் அங்கேதான் இருந்தார்.

"ரெக்கார்டுல இடைவெளி இருக்கேம்மா" என்றார் பாண்டியராஜன்.

"அன்னைக்கும் வந்திருக்கேன் சார். என் எழுத்தைப் பாருங்க."

"அனுமதியில்லாம உள்ள வந்தியா? வெளிய சொல்லாத, உனக்குத்தான் கேடு."

அவள் சத்தியமூர்த்தி பக்கம் திரும்பினாள். "நீங்கதான சார் வரச் சொன்னீக?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

அடுத்த வாரமே பேட்டரியைத் தேசிய விருதுக்குப் பரிசீலிப்பதாகவும், நடுவர்கள் நேரில் வருவார்கள் என்றும் கடிதம் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு நாளும் விடாமல் சோதித்ததற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். பாண்டியராஜன் அதே நோட்டுகளை வாங்கி, பக்கம் பக்கமாக 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். அந்த இடைவெளி நாட்களின் பக்கங்களிலும் குத்தினார்.

"நாளைக்கு உனக்கு இடைவெளி நாள்ல?" என்றார். "நடுவர்க வர்ற வரைக்கும் சோதனை நிக்கக் கூடாது. மறக்காம பத்து மணிக்கு வந்து எழுதிரு."

மறுநாள் யோகலட்சுமி வீட்டில் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பத்து ஆனது, பத்தேகால் ஆனது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள்போல் அழுதாள். ஆனாலும் போகவில்லை.