வெயிலில் வந்த வெள்ளம்

நெய்வேலி நகரியத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். மழைநீர் எந்த வழியாக ஏரிக்குப் போகிறது என்று காட்டுவதற்காக, சென்ற ஐப்பசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை மந்தாரக்குப்பம் தாண்டி ஓர் ஓடைக்கு அழைத்துப் போனேன். கணுக்கால் அளவுதான் தண்ணீர். நல்ல வெயில். எல்லோரையும் உள்ளே இறக்கி, மண்ணை அள்ளிப் பார்க்கச் சொன்னேன்.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் திடீரெனக் கத்தினார்.

"டீச்சர், புள்ளைங்கள மேல ஏத்துங்க! மேக்கால மழ ஊத்திகினு இருக்குதாம், எங்கக்கா இப்பதான் போன் போட்டுச்சு."

"இங்க வெயில்தானேங்க அடிக்குது?" என்றேன்.

"அங்க பேஞ்சா இங்கதாங்க வரும். தண்ணி கலங்கிகினு வருது பாருங்க!"

குனிந்து பார்த்தேன். தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் நிறமாகியிருந்தது. நான் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றிவிட, அவர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து மேலிருந்து கைகொடுத்து இழுத்தார். கடைசியாக நான் ஏறி, தலைகளை இரண்டாம் முறை எண்ணி முடிப்பதற்குள், நாங்கள் நின்ற இடத்தில் இடுப்பளவு தண்ணீர் சுழித்து ஓடியது. இரண்டு நோட்டுகளும் ஒரு செருப்பும் போயின.

எங்கோ பெய்யும் மழை இங்கே வந்து சேரும் என்பதுதான் அதற்கு முந்தின நாள் வகுப்பில் நான் நடத்திய பாடம். நடத்திய எனக்கே அது உறைக்கவில்லை.

இப்போதும் ஓடைக்கு அழைத்துப் போகிறேன். கிளம்பும் முன், மேற்கே இருக்கும் அந்தப் பெண்ணின் அக்காவுக்குப் போன் செய்து அங்கே மழை உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் யாரும் கீழே இறங்குவதில்லை; கயிறு கட்டிய வாளியில் தண்ணீர் மேலே வருகிறது.