குங்குமம் வைத்த எலி

இன்று பிள்ளையார் சதுர்த்தி. பக்கத்து வீட்டு செல்வி அக்கா கொழுக்கட்டைத் தட்டோடு வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன்.

"இரு தம்பி, மொதல்ல அதுங்களுக்கு" என்று நேரே தோட்டத்துப் பக்கம் இருந்த எலிக் கூண்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளை எலிகள். ஆசைக்கு வளர்ப்பதாகத்தான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். இடையஞ்சாவடியில் தங்கியிருந்த வெள்ளைக்கார நண்பர் ஊர் திரும்பும்போது என்னிடம் விட்டுப்போன வளர்ப்புப் பாம்பு என் உள் அறையில் இருப்பதும், வாரம் ஓர் எலி அதற்குப் போவதும் இங்கே யாருக்கும் தெரியாது.

அக்கா கொழுக்கட்டையைப் பிட்டுப் போட்டார். முதலில் ஓடி வந்த எலியின் நெற்றியில், கம்பி இடுக்கில் விரலை விட்டுக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

"பிள்ளையாரு வாகனத்துக்கே சோறு போடுற. உனக்கு ஒரு கொறையும் வராது. ஆமா, போன மாசம் இன்னும் நெறைய இருந்துச்சே?"

"கேட்டவங்களுக்குக் குடுத்துட்டேங்கா."

பொய் என்றும் சொல்ல முடியாது. அக்கா மீதிக் கொழுக்கட்டையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று பாம்புக்குத் தீனி நாள். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கூண்டுக்குள் கையை விடுவேன். கையில் எது சிக்குகிறதோ அது. நானாக எதையும் சாகக் கொடுக்கவில்லை என்று ஒரு சமாதானம்.

இப்போது ஒன்றுக்கு மட்டும் பொட்டு இருக்கிறது. அதை விட்டுவைக்க வேண்டுமென்றால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பார்த்துவிட்டால், பொட்டில்லாத ஒன்றை நான்தான் சாகக் கொடுக்கிறேன்.

கொழுக்கட்டை இன்னும் கையிலேயே இருக்கிறது. நீங்களாக இருந்தால் கண்ணைத் திறப்பீர்களா, மூடிக்கொள்வீர்களா?