ரஜ்ஜு: இல்லை

என் மகளுக்கு வரன் பார்த்த வருடங்களில் கையால் எழுதிய ஜாதகத்துக்கு மதிப்பு போய்விட்டிருந்தது. ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம். யாரைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றார்கள்.

திருத்தணியில் மலையடிவாரத்தில் எனக்கு அர்ச்சனைத் தட்டுக் கடை. தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம், ஒரு முழம் பூ. பஸ்கள் திரும்புகிற முனையில் கடை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் மகளும்தான். அவள் சாயங்காலத்தில் வந்து பூ கட்டிக் கொடுப்பாள். பேச்சுத் துணை என்று எனக்கு இருந்தது அந்தச் சாயங்காலம் மட்டும்தான்.

அங்கேதான் அந்த அம்மா அவளைப் பார்த்தார்கள். ஆர்.கே.பேட்டைக்காரர்கள். வீட்டோடு நாலு பவர்லூம், ஒரே பிள்ளை. மலைக்கு வந்தவர்கள் என் கடையில் தட்டு வாங்கி, தரிசனம் முடித்து இறங்கி வந்து, என்னிடமே கேட்டுவிட்டார்கள். பிள்ளையும் கூட நின்றான். தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிகீதுணா. பையன் பொறந்த நேரம் எழுதித் தரேன், ஜாதகமும் பொருத்தமும் மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தாந்துடுங்க. கையில எழுதுனது வாணாம். எங்க ஓரகத்தி பொண்ணுக்கு ஜோசியரு பத்துக்கு ஒம்பதுன்னாரு. ஆறே மாசம், பொட்டியோட வந்து நிக்குது."

எனக்கும் பிடித்துவிட்டது. நல்ல குடும்பம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் என் கடை முன்னால்தான் திரும்பிப் போகும். ஏறினால் மகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். கிருத்திகைக்குக் கிருத்திகை அவளும் மலைக்கு வருவாள். கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பூ கட்டிவிட்டுப் போவாள். முருகா, இது ஒன்று போதும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஜெராக்ஸ், எஸ்.டி.டி., லேமினேஷன், ஜாதகம் எல்லாம் அங்கேதான். நடத்தியவர் முப்பது வயதுக்காரர். கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். போய் உட்கார்ந்ததும் திரையில் பிள்ளையார் வந்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உடனே பிள்ளையார் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கட்டம் வந்து மினுக் மினுக்கென்று அடித்தது.

"இன்னா தம்பி அது?"

"ஆஃபர்ணா. முழு சாஃப்ட்வேர் பாதி வெலைக்காம். இன்னும் மூணே நாளுதான்னு சொல்லும். நானும் ஒரு வருசமா பாத்துகினுகீறேன், அந்த மூணு நாளு முடியவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தை மூடினார். அவரிடம் இருந்தது ஏதோ புத்தகத்தோடு இலவசமாக வந்த சி.டி. லிமிடெட் எடிஷன் என்றார். லிமிடெட் என்றால் கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வருகிற லிமிடெட் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய கம்பெனி போல என்று ஒரு நம்பிக்கைகூட வந்தது.

ரெண்டு பேர் பிறந்த நேரம், ஊர் எல்லாம் கேட்டுக்கேட்டுத் தட்டினார். கலரில் காகிதம் வந்தது, மேலே பிள்ளையாரோடு. நான் படித்துப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தில் சாமி காலடியில் வைக்கிற ஜாதகத்தைப் பிள்ளை வீட்டார்தான் முதலில் பிரிக்கவேண்டும். அப்படியே மடித்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மலைக்கு எடுத்துப்போய் முருகன் காலடியில் வைத்து வாங்கி, மறுநாள் பஸ் ஏறினேன்.

நான் போனபோது ஆர்.கே.பேட்டையில் கரண்ட் இல்லை. லூம் எல்லாம் நின்றிருந்தது. அந்த அம்மா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார்கள். விரல் வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்கள். தினம் உண்டு, கணம் உண்டு, மகேந்திரம் உண்டு. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். வரிசையாக உண்டு, உண்டு என்று வந்து கடைசியில் விரல் நின்றது.

"ரஜ்ஜு இல்லைன்னு போட்டுகீதேணா. வேதையும் இல்லைன்னு."

வேதையும் பத்தில் ஒன்றுதான்; ரஜ்ஜு என்பது தாலிப் பொருத்தம். மற்றது எல்லாம் இருந்து அது ஒன்று இல்லையென்றால் பிள்ளை உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் பயப்படுவார்கள். ஒரே பிள்ளையைப் பெற்றவர்களிடம் நான் என்ன பேச முடியும்? காகிதத்தைத் திருப்பி என் கையில் வைத்தார்கள். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எழுந்தேன்.

மனசு கேட்காமல் பொதட்டூர்பேட்டையில் எங்கள் சொந்தக்கார ஜோசியரிடம் ரெண்டு பேர் நட்சத்திரத்தையும் சொன்னேன். "யார்யா சொன்னது? பொண்ணு கார்த்திகை, பிள்ளை சதயம். வேற வேற ரஜ்ஜு. தட்டவே தட்டாது" என்றார். ஓடிவந்து பூத்தில் இருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போன் போட்டேன்.

"மனுசன் வாயி காசுக்கு ஒரு மாதிரி பேசும்ணா. மிசினுக்கு இன்னா வந்துச்சு? அது ஏன் பொய் சொல்லப் போவுது?" என்றார்கள் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் இறங்கி, "அந்த மிசினே உண்டுன்னு சொல்லட்டும், நான் இப்பவே பாக்கு வெத்தலை எடுத்துகினு வரேன்" என்றும் சொன்னார்கள்.

காகிதத்தோடு சென்டருக்குப் போனேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் எறும்பு வரிசை மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ ணா. இது பொருத்தம் இல்லைன்னு போடலை. இந்த எடிஷன்ல இல்லைன்னு போட்டுகீறான்."

"புரியலியேபா."

"அந்த ரெண்டையும் கணக்குப் போட்டுப் பாக்கற வசதி இந்த ஓசி சி.டி.யில இல்லை. காசு குடுத்து முழுசா வாங்கினாதான் ரஜ்ஜு பாக்கும். அதைத்தான் பாவி, இல்லைன்னு ஒரே வார்த்தையில போட்டுட்டான்."

அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதுவரை வந்தவர்கள் எல்லாம் ஜாதகக் கட்டம் மட்டும் போட்டுக்கொண்டு போனவர்களாம், பொருத்தம் கேட்ட முதல் ஆள் நான்தானாம். என் முன்னாலேயே மெட்ராஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வாட்டி நெசமாவே முடியுதாம்ணா. நாளையோட ஆஃபர் குளோஸ். புது எடிஷன் வருதாம், அப்புறம் வெலை டபுளாம்."

ஒரு வருடமாக முடியாத மூன்று நாள், நான் வந்த நேரத்தில் முடிந்தது.

மறுநாள் கிருத்திகை. அன்றைக்கு இந்த ஊரில் தட்டுக் கடையை அடைத்தவன் கிடையாது. வியாபாரத்துக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. கிருத்திகை அன்றைக்கு முருகன் மலையை விட்டு ரயில் ஏறி எங்கோ போனால் காரியம் நடக்குமா என்று எனக்குப் பட்டது. முருகனுக்கு ஒரு நாள் கொடுத்தால் கம்பெனிக்காரன் எனக்கு ஒரு நாள் கொடுக்க மாட்டானா என்று இருந்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் முதல் ரயிலில் போனேன்.

மாடிக் கட்டடத்தில் ஒரு சின்ன ஆபீஸ். முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். நெற்றியில் விபூதி வேறு.

"நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சிடுச்சு சார்."

"நேத்து கிருத்திகைமா."

"தெரியும் சார். நானும் விரதம்தான்."

புது விலையைச் சொன்னாள். அதிலும் சில்வர், கோல்டு என்று ரெண்டு இருந்தது. சில்வரில் ரஜ்ஜு உண்டா என்றேன். இல்லையாம். கோல்டில்தானாம். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மாடி, எங்க மலையிலயும் ஸ்பெஷல் தரிசனம் டிக்கெட்டு கீது. காசு குடுத்தவன் சீக்கிரமா போவான். இல்லாதவன் தர்ம தரிசனத்துல கால் கடுக்க நிப்பான். ஆனா உள்ள போயிட்டா ரெண்டு பேருக்கும் ஒரே முருகன்தான். காசு குடுக்காதவனுக்கு வேலை மறைச்சு வெச்சுகினு, வேல் இல்லைன்னு சொல்றதில்லை."

அவள் சிரிக்கவில்லை. "ரேட்டு என் கையில இல்ல சார்" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

மகளுக்குக் கம்மல் எடுக்க வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கினேன். கோல்டு என்று பெயர், கையில் தந்தது ஒரு பளபளப்பான தட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிரில் இருந்தவர்கள் எல்லாம் குடும்பம் குடும்பமாக முறுக்கு தின்றுகொண்டு வந்தார்கள். யாரிடமாவது இதைச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? மகளின் அம்மா இருந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே புரிந்துகொண்டு, எனக்கும் சேர்த்துத் திட்டித் தீர்த்திருப்பாள்.

சென்டருக்கு வந்து போட்டால் அதுவும் உடனே ஓடவில்லை. கம்பெனிக்குப் போன் செய்து ஏதோ நம்பர் வாங்கி அதில் தட்டவேண்டுமாம். அன்று சனிக்கிழமை. திங்கள்கிழமைதான் போனை எடுத்தார்கள். திங்கள் மத்தியானம் காகிதம் வந்தது. ரஜ்ஜு: உண்டு. வேதை: உண்டு. அதற்கும் மஞ்சள் தடவினேன். மலைக்கு எடுத்துப்போக நேரமில்லை. கீழே இருந்தே மலையைப் பார்த்துக் காட்டிவிட்டு, மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை லூம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. இலவச எடிஷன், முழு எடிஷன், ஆஃபர், எல்லாவற்றையும் எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். அந்த அம்மா ரெண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரெண்டிலும் அதே பிள்ளையார்.

"மொதல்ல இது இன்னா சொல்லிச்சு?"

"இல்லைன்னு போட்டிருந்துச்சு. ஆனா அது..."

"நீங்க காசு கட்டினீங்க."

"ஆங், கட்டினேன்."

"இப்ப உண்டுங்குது."

நான் முதல் காகிதத்தின் அடியில் இருந்த அந்த இங்கிலீஷ் வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"காசு குடுத்தா இதுவும் மாத்திப் பேசுதேணா. ஜோசியரே தேவலாம் போல" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை. அவர்கள் கண் கலங்கியிருந்தது. "உங்களைத் தப்பா சொல்லலை. எனக்கு இவன் ஒருத்தன்தான். அந்த இல்லைங்கற வார்த்தையைப் படிச்சிட்டேனே, இனிமே இவனுக்குத் தலைவலி வந்தாலும் எனக்கு அதுதானே ஞாபகம் வரும்? உங்க பொண்ணைத்தானே பாப்பேன்?"

அதற்கு நியாயம் இருந்தது. தட்டிப் பேச எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பிள்ளை பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். கையெல்லாம் பஞ்சுத் தூசி. பஸ் வந்ததும், "பாத்து ஏறுங்க மாமா" என்றான். அந்த வார்த்தையை அவனிடம் அந்த ஒரு தடவைதான் கேட்டேன்.

இறங்கினால் எதிரிலேயே கடை. மகள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முழுக்கச் சொல்லவும் விடவில்லை.

"அப்ப என் கம்மலை அந்தக் கம்ப்யூட்டருக்குப் போட்டுட்டு வந்துட்ட. அதுக்காச்சும் நல்லா இருக்குதா நைனா?"

நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கட்டிய பூச்சரம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. போதும்மா என்று நான்தான் நூலை வாங்கி வைத்தேன்.

ரெண்டு வருடம் கழித்து வேறு இடம் அமைந்தது. பையனுக்கு சூரத்தில் துணி மில்லில் வேலை. நல்ல பையன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஜாதகமே கேட்கவில்லை. மலையில் பூ வைத்துப் பார்த்தோம், வெள்ளைப் பூ வந்தது, முடித்துவிட்டோம். ரயிலில் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. ரெண்டு பேரப் பிள்ளைகள். போனில் தமிழும் தெலுங்கும் குஜராத்தியும் கலந்து ஏதோ பேசுவார்கள், நான் ஆங், ஆங் என்பேன்.

அந்தப் போனும் ஆயுசு முழுக்க என்று சொல்லி விற்ற சிம்தான். ஒரு தரம் காசு கட்டினால் போதும், லைஃப்டைம் என்றார்கள். மலையில் ஒரு தரம் கட்டினால் வருடா வருடம் நம் பேருக்கு அர்ச்சனை நடக்கிற கட்டளை மாதிரி என்று நினைத்து வாங்கினேன். ஆறு மாதம் பணம் போடவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். யாருடைய ஆயுசு என்று கேட்டேன், கடைக்காரப் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டு மறுபடி உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள். மற்ற நாளில் அது டிங் என்றால் இன்று மட்டும், இந்தச் சலுகை இன்று மட்டும் என்று கம்பெனியிடமிருந்து வந்ததாக இருக்கும். முதலில் எல்லாம் ஆசையாக எடுத்துப் பார்ப்பேன். இப்போதும் எடுத்துத்தான் பார்க்கிறேன்.

கிருத்திகைக்கு மலைக்குப் போய் மகள் பேரில் ஒரு அர்ச்சனை. கார்த்திகை நட்சத்திரம் என்று நான் சொல்வதற்குள் குருக்களே சொல்லிவிடுவார். இறங்கி வந்து கடையைத் திறப்பேன். பூக்காரியிடம் கட்டின பூவாகவே வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலம் அந்த பஸ் வந்து கடை முன்னால் திரும்பும். கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டு, "ஆர்.கே.பேட்டை, ஆர்.கே.பேட்டை, எடம் கீது, ஏறு" என்று கத்துவார். எனக்கும் கையைக் காட்டுவார், பழக்கம். போய்ட்டு வாப்பா என்று நானும் கையைக் காட்டுவேன்.